ராஜஸ்தானின் ஜன் சூச்னா: அரசுக் கணக்கேடு ஊராரிடம் வந்து சேர்ந்த வழி

அரசு தன்னிடமுள்ள தரவுகளை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தாலே, கோப்புகள் வரிசையாக அடுக்கப்பட்ட ஓர் இணையதளம்தான் பலருடைய மனத்தில் தோன்றுகிறது. அப்படியொரு தளம் இந்தியாவிலும் உண்டு. 2012 மார்ச்சில் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் மத்திய அரசின் திறந்த தரவுத் தளமும் தொடங்கியது. பல அமைச்சகங்களின் புள்ளிவிவரங்களை அங்கிருந்து இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆய்வாளர்களுக்கும் மென்பொருள் எழுதுபவர்களுக்கும் அது பெரிய உதவி. அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ரேஷன் கடையில் "இந்த மாதம் உனக்குச் சரக்கு வரவில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணுக்கு, மாவட்டத்தின் மொத்த ஒதுக்கீடு எத்தனை டன் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. தன் அட்டை எண்ணுக்கு எதிரே, இந்த மாதம், எத்தனை கிலோ கோதுமை கொடுத்ததாக எழுதியிருக்கிறார்கள்? அந்த ஒரு வரியை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்க ராஜஸ்தானில் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1994-இல் ஒரு கிராமத்துத் திடலில் தொடங்கி, 2019-இல் ஜன் சூச்னா என்ற அரசு இணையதளமாக வடிவெடுத்த அந்த முயற்சியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. திறந்த தரவு குறித்த ஆய்வுகளில் லண்டன் போக்குவரத்துத் துறையும் அமெரிக்கச் செயற்கைக்கோள் படங்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. ராஜஸ்தான் அனுபவம் அவற்றுக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வந்தது. முதலில் கேள்வி பிறந்தது, பிறகு சட்டம், கடைசியில்தான் கணினி. அந்த வரிசையே இதன் வலிமை என்று நான் கருதுகிறேன்.

மஸ்டர் ரோல் ஏன் ரகசியமாக இருந்தது?

1987-இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர், இன்று ராஜ்சமந்த் மாவட்டத்தில் இருக்கும் தேவ்டூங்கரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். சென்னையில் பிறந்த அருணா ராய், 1968-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, எழுபதுகளின் நடுவில் அதை விட்டு வெளியேறியவர். வறட்சி மிகுந்த அந்த வட்டாரத்தில் வறட்சி நிவாரணப் பணிகள்தாம் பலருக்கும் கூலி வேலை. சாலை போடுவது, குளம் வெட்டுவது, தடுப்பணை கட்டுவது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி ஒன்று இருந்தும், கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. 1990 மே 1 அன்று உருவான மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர் அமைப்பின் முதல் போராட்டங்கள் இந்தக் கூலிக்காகவே நடந்தன.

கூலி ஏன் குறைகிறது என்று கேட்டால், "நீங்கள் வேலையைக் குறைவாகச் செய்தீர்கள், அளந்து எழுதியிருக்கிறோம்" என்று பதில் வரும். எழுதியதைக் காட்டுங்கள் என்றால், "அது அரசாங்கத்தின் ரகசிய ஆவணம்" என்பார்கள். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்று பதியும் மஸ்டர் ரோல், அந்த வேலையைச் செய்தவருக்கே ரகசியமாக இருந்தது! தகவல் கேட்கும் போராட்டம் இங்கே தொடங்கியது கருத்துச் சுதந்திரம் பற்றிய நூல்களிலிருந்து அல்ல, வயிற்றுக்கான கூலியிலிருந்து. இதை அழுத்திச் சொல்லக் காரணம், எந்தத் தரவை முதலில் திறப்பது என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. எந்தக் கணக்கு மறைக்கப்படுவதால் ஒருவருடைய சோறு குறைகிறதோ அதுதான் முதலில் திறக்கப்பட வேண்டியது.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. ஓர் இளம் அதிகாரி ஊராட்சிப் பணிகளின் பதிவேடுகளைப் பார்க்க அனுமதித்திருந்தார். சங்கத்தினர் அவற்றைப் படியெடுத்து, ஊரார் கூடிய இடத்தில் பெயர் பெயராக வாசித்தார்கள். இன்னார், இத்தனை நாள், இத்தனை ரூபாய். பெயர் வாசிக்கப்பட்டதும் அந்த ஆளே எழுந்து "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்றார். இறந்தவர்களின் பெயரும், ஊரைவிட்டுப் போய்விட்டவர்களின் பெயரும் பட்டியலில் இருந்தன. முடிந்துவிட்டதாகக் கணக்கில் எழுதப்பட்ட கட்டடம் முடியாமலே கண்முன் நின்றது. அடுத்த ஏப்ரலுக்குள் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய ஊர்களிலும் இப்படியே விசாரணைகள் நடந்தன.

ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்த மோசடிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்திருக்க முடியாது. ரசீது சரியாக இருக்கும், கூட்டல் சரியாக இருக்கும், கைநாட்டும் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார் என்பது ஊருக்கு மட்டும்தான் தெரியும். கணக்கேட்டில் இருக்கும் தரவும் ஊராரிடம் இருக்கும் அறிவும் ஓரிடத்தில் சந்தித்தால்தான் உண்மை வெளியே வருகிறது. ஊராரே கணக்கைச் சரிபார்க்கும், பின்னாளில் வந்த சமூகத் தணிக்கை முழுவதும் இந்த ஒரு கண்டுபிடிப்பின்மேல் நிற்கிறது.

அறிவிப்பு வந்தது, நகல் வரவில்லை

1995 ஏப்ரல் 5 அன்று முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களை மக்கள் நகலெடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கழிந்தும் அதற்கான ஆணை நடைமுறைக்கு வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. நாற்பது நாள் நீடித்த அந்தத் தர்ணாவுக்குக் கிராமத்தார் தானியமும் நகரத்துக் கடைக்காரர்கள் காய்கறியும் பணமும் கொடுத்தார்கள். "நமது பணம், நமது கணக்கு" என்பது அங்கே ஒலித்த முழக்கம். அந்த நாட்களில் சுசீலா என்ற கிராமத்துப் பெண், பத்திரிகையாளர்களிடம் சொன்ன விளக்கம் நாடு முழுவதும் பரவியது: பத்து ரூபாயைக் கொடுத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரால் அரசு கோடி கோடியாகச் செலவழிக்கும்போது அதன் கணக்கைக் கேட்க வேண்டாமா?

அதற்குப் பிறகும் ஆவணத்தைப் பார்க்கலாம், நகல் கிடையாது என்ற நிலைதான். 1997-இல் ஜெய்ப்பூரில் 53 நாள் தர்ணா. அதன் இறுதியில், ஜூலை மாதத்தில், துணை முதலமைச்சர் ஒரு செய்தியை வெளியிட்டார்: ஊராட்சி ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமை ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டது. தெருவில் உட்கார்ந்திருந்த மக்களுக்குத் தெரியாது. அரசிதழில் வந்துவிட்டது, ஆனால் வந்ததை எவரும் அவர்களிடம் சொல்லவில்லை. வெளியிடுவதும் தெரியப்படுத்துவதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இன்றும் எத்தனையோ துறைகள், இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கோப்பை ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கின்றன. அந்த அரசிதழுக்கும் இந்தக் கோப்புக்கும் வேறுபாடு இல்லை.

சட்டங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். ராஜஸ்தானின் சட்டம் 2000-இல் நிறைவேறியது. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

கேட்காமலே சொல்ல வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு

பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் காத்திருப்பு, மறுத்தால் மேல்முறையீடு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றதும் நமக்குத் தெரிவது இதுதான். ஆனால் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு வேறொன்றைச் சொல்கிறது. ஒவ்வொரு அரசு அலுவலகமும் 17 தலைப்புகளில் தகவல்களைத் தானாகவே வெளியிட வேண்டும். மக்கள் மனுப்போட வேண்டிய தேவையே மிகக் குறைவாக இருக்கும்படி, குறித்த இடைவெளிகளில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வட்டார மொழியில், எளிதில் கிடைக்கும் வடிவில், அதிகச் செலவின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும். மானியத் திட்டங்களின் ஒதுக்கீடும் பயனாளிகளின் விவரங்களும் அந்தப் பதினேழில் அடக்கம்.

ரேஷன் வாங்கும் குடும்பத்துக்கு முப்பது நாள் என்பது மிக நீண்ட காலம். பதில் வருவதற்குள் அடுத்த மாதச் சரக்கும் போய்விடும். மனுப்போட்டவர் யாரென்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் அச்சம் வேறு. எல்லோருடைய கணக்கும் எல்லோருக்கும் திறந்திருந்தால், தனியாக ஒருவர் கேட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 4-ஆம் பிரிவு ஏழைக்குக் கொடுக்கும் பாதுகாப்பு இது. இதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை.

நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது இந்தப் பிரிவைச் செயலில் காட்ட ஒரு வாய்ப்பு வந்தது. அதன் மஸ்டர் ரோல் விவரங்கள் இணையத்தில் ஏற்றப்பட்டன. அந்த வேலைத் திட்டச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. இணையத்தைக் கண்டிராத ஊர்களில் சங்கத்தார் அந்தத் தரவைச் சுவரில் எழுதவைத்தார்கள். ஊராட்சிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் வேலை அட்டை வைத்திருக்கும் குடும்பங்களின் பெயர், வேலை செய்த நாட்கள், பெற்ற கூலி எல்லாம் வரிசையாக எழுதப்பட்டன. தண்ணீர் எடுக்கப் போகிறவரும் பள்ளிவிட்டு வரும் பிள்ளையும் அதைப் படித்தார்கள். எழுத்தறியாதவருக்குப் பக்கத்து வீட்டார் படித்துச் சொன்னார்கள். தன் பெயருக்கு நேரே எழுபது நாள் என்றிருந்து, தான் போனது நாற்பது நாள்தான் என்றால், அந்தச் செய்தி பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

தளம் கட்டப்பட்ட விதம்

2019 செப்டம்பர் 13 அன்று ஜெய்ப்பூரில் முதலமைச்சர் அசோக் கெலாட் ஜன் சூச்னா தளத்தைத் தொடங்கிவைத்தார். ஜன் சூச்னா என்றால் மக்கள் தகவல். தொடக்கத்தில் 13 துறைகளின் 23 திட்டங்கள் அதில் இருந்தன. பின்னாளில் திட்டங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. ரேஷன், ஓய்வூதியம், நூறு நாள் வேலை, கழிப்பறை மானியம், விவசாயக் கடன் தள்ளுபடி, மருத்துவக் காப்பீடு, சுரங்கக் குத்தகை என்று பட்டியல் நீள்கிறது. சட்டத்தின் 4-ஆம் பிரிவை நிறைவேற்றவே இந்தத் தளம் என்று அரசே சொல்லித் தொடங்கியதுதான் இதில் சிறப்பு.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இது உருவான முறை. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை தானாக ஒரு வடிவத்தை முடிவு செய்துவிடவில்லை. மக்கள் அமைப்புகளும் துறை அதிகாரிகளும் ஒரே மேசையில் அடிக்கடி அமர்ந்து, திட்டம் திட்டமாகப் பேசினார்கள். அந்தக் கூட்டங்களுக்கு டிஜிட்டல் உரையாடல் என்றே பெயர். ஒரு துறையிடம் என்ன தரவு இருக்கிறது என்று கேட்பதோடு அங்கே பேச்சு முடிந்துவிடவில்லை. இந்தத் திட்டத்தில் ஒரு பயனாளி என்ன கேட்பார், எந்த இடத்தில் ஏமாற்றப்படுகிறார், அதைக் கண்டுபிடிக்க எந்த விவரம் தேவை என்பதும் பேசப்பட்டது. ஜன் சுன்வாயில் ஆண்டுக்கணக்கில் ஊரார் கேட்ட கேள்விகள், தளத்தின் தேடல் பக்கங்களாயின.

ரேஷனை எடுத்துக்கொள்வோம். ஊர், கடை, பிறகு அட்டை என்று இறங்கிப் போனால் மாதவாரியாக எவ்வளவு தானியம் வழங்கியதாகப் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் ஐந்து கிலோ. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 25 கிலோ. கைரேகை இயந்திரத்தில் 25 என்று பதிந்துவிட்டு 20 கிலோவை அளந்து கொடுத்தால், குடும்பத்தார் அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். சரக்கே வரவில்லை என்று சொல்லப்பட்ட மாதத்தில் வழங்கியதாகப் பதிவு இருந்தாலும் அப்படியே.

மாவட்டக் கூட்டுத்தொகை இந்தத் திருட்டை மறைத்துவிடும். ஒதுக்கியது நூறு டன், வழங்கியது நூறு டன் என்று கணக்கு நேராகிவிடும். அட்டை அட்டையாகப் பிரித்துக் காட்டினால்தான் ஓட்டை தெரியும். தரவு வெளியிடும் அதிகாரி ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டியது இந்த வேறுபாடு.

இணைய வசதி இல்லாதவர்களுக்காக, ஊராட்சி அலுவலகங்களில் ஏடிஎம் போன்ற இ-மித்ரா பிளஸ் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. அவற்றின் திரையில் ஜன் சூச்னா பக்கங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். இயந்திரம் வைத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மின்சாரம் வேண்டும், இணைப்பு வேண்டும், அறை திறந்திருக்க வேண்டும், முதல்முறை வருபவருக்குக் காட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். முகாம் போட்டு மக்களை அழைத்துக் காட்டிய ஊர்களில் அது பயன்பட்டது. சுவரெழுத்துக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. இணையதளம் வந்துவிட்டதால் சுவரை வெள்ளையடித்துவிடலாம் என்று நினைத்தால் அது பெரும் தவறு. தளம் எல்லா மாதங்களின் கணக்கையும் வைத்திருக்கும். சுவரோ தேடாதவர் கண்ணிலும் படும். இரண்டும் தேவை.

இன்னொரு குறையும் உண்டு. குடும்பம் குடும்பமாகப் பார்ப்பதற்கென அமைந்த தளம் இது. மாநிலம் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து, எந்த வட்டாரத்தில் ஓய்வூதியம் அதிகம் நிறுத்தப்படுகிறது என்று அலச விரும்பும் ஆய்வாளருக்கோ செய்தியாளருக்கோ அது எளிதல்ல. மத்திய அரசின் தளம் கோப்பைக் கொடுக்கிறது, மனிதரைக் காட்டுவதில்லை. ஜன் சூச்னா மனிதரைக் காட்டுகிறது, கோப்பை எளிதில் கொடுப்பதில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது.

பின்னர் கர்நாடகம் இதே முறையைப் பின்பற்றி மாஹிதி கணஜ என்ற தளத்தை உருவாக்கியது.

பெயரைக் காட்டலாமா?

பெயர் பெயராகத் தரவைத் திறக்கும்போது தனியுரிமை பற்றிய கேள்வி எழுவது நியாயமே. 2017 மே மாதத்தில் பெங்களூரின் இணையம் மற்றும் சமூக மையம் வெளியிட்ட ஆய்வு, நூறு நாள் வேலைத் திட்டத் தளம் உள்ளிட்ட நான்கு அரசுத் தளங்களில் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியே தெரியும்படி இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. வங்கிக் கணக்கு எண்களும் சில இடங்களில் தெரிந்தன. அது வெளிப்படைத்தன்மை ஆகாது, பொறுப்பின்மை. கூலிக் கணக்கைச் சரிபார்க்க அடுத்தவருடைய ஆதார் எண் எவருக்கும் தேவையில்லை.

ஆக, எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. பொதுப்பணம் யாருக்கு, எவ்வளவு, எப்போது, எந்த வேலைக்கு அல்லது எந்த உரிமைக்குப் போனது என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண், கைரேகை ஆகியவை எவருக்கும் தெரியக் கூடாது. நடுவே கடினமான சில இடங்களும் உண்டு. ராஜஸ்தானின் கல் குவாரிகளில் வேலை செய்து நுரையீரலைப் பறிகொடுத்த சிலிகோசிஸ் நோயாளிகளுக்கு, நோய் உறுதியானால் மூன்று லட்ச ரூபாயும், இறந்தபின் குடும்பத்துக்கு இரண்டு லட்ச ரூபாயும் உதவித்தொகை. அந்தப் பட்டியலைத் திறந்தால் ஒருவரின் நோய் ஊருக்குத் தெரிகிறது. மூடினால் சான்றிதழ் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் தரகர்களுக்குக் கொண்டாட்டம். இங்கே பாதிக்கப்பட்டவர்களையே கேட்டு முடிவெடுப்பதுதான் முறை. அதிகாரி தன் அறையில் உட்கார்ந்து அவர்கள் சார்பாகத் தீர்மானிக்கக் கூடாது.

இந்த நுணுக்கங்களுக்கு இடமிருந்த சட்டத்தில் இப்போது ஒரு மாற்றம் வந்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத, அல்லது தேவையின்றி ஒருவரின் தனியுரிமையில் தலையிடும் தனிப்பட்ட தகவலை மட்டும் மறுக்க இடமளித்தது. பொதுநலன் இருந்தால் அதையும் கொடுக்கச் சொன்னது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இதைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. பொதுநலன் கருதித் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் தர மனமில்லாத அதிகாரிக்கு ஒரு பெயர் இருந்தாலே போதும், அது தனிப்பட்ட தகவல் என்று சொல்லிவிடலாம். மஸ்டர் ரோலில் பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? நாற்பது நாள், எட்டாயிரம் ரூபாய் என்ற எண்களை வாசித்தால் எந்த ஊரிலும் எவரும் எழுந்து "அது நானில்லை" என்று சொல்ல முடியாது. பயனாளிகளின் விவரங்களை வெளியிடச் சொல்லும் 4-ஆம் பிரிவு நீக்கப்படவில்லை என்பதால், மாநிலங்கள் துணிந்து அதைப் பிடித்துக்கொண்டு பட்டியல்களைத் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தெரிந்த பிறகு என்ன?

திரையில் 25 கிலோ என்றிருக்கிறது, கிடைத்தது 20 கிலோ. அந்தப் பெண் அடுத்து எங்கே போவார்? ராஜஸ்தானில் இதற்குச் சில வாயில்கள் உண்டு. 181 என்ற எண்ணில் சம்பர்க் புகார் மையம் இருக்கிறது. 2012-இல் இயற்றப்பட்ட கேட்புரிமைச் சட்டம், புகார் கொடுத்தவரை நேரில் அழைத்து, குறித்த நாட்களுக்குள் கேட்டு முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆயினும் புகாரை எந்தக் கடைக்காரர்மேல் கொடுத்தாரோ, அவரை மேற்பார்க்கும் அலுவலரிடமே அது பெரும்பாலும் திரும்பி வருகிறது. பதில் சொல்லாத அதிகாரிக்கு உறைக்கும்படியான தண்டனை வேண்டும், விசாரணை ஊர் அளவில் திறந்த இடத்தில் நடக்க வேண்டும் என்று மக்கள் அமைப்புகள் கேட்கின்றன. அதற்கான பொறுப்புடைமைச் சட்டம் ஒன்றைக் கோரி 2015 டிசம்பரில் தொடங்கிய பயணம், நூறு நாட்களில் அன்றைய 33 மாவட்டங்களையும் சுற்றிவந்தது. ஜன் சூச்னாவைத் தொடங்கிவைத்த அரசு அந்தச் சட்டத்தைக் கொண்டுவருவதாக வாக்களித்தது, வரைவுகளும் தயாராயின. 2023 டிசம்பரில் அந்த ஆட்சி முடியும்வரை சட்டம் நிறைவேறவில்லை.